கூட்டுத்தொகை பொருந்தினால் போதுமா?

மார்ச் 31 நெருங்கும்போது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மண்ணூர் வட்டாரத்தில் இரண்டு வகை ஆட்கள் ராத்திரி தூங்குவதில்லை. நைட் ஷிப்ட் போகிறவர்கள் ஒரு வகை. பெரிய கார் கம்பெனிகளுக்கு போல்ட்டும் வாஷரும் அட்டைப்பெட்டியும் சப்ளை செய்யும் சின்னக் கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்கு ஒரு பழைய கெட்ட கனவு உண்டு. இருப்பாய்வு, அதாவது ட்ரையல் பேலன்ஸ், டாலி ஆகவில்லை! பற்றுப் பக்கம் ஒரு தொகை, வரவுப் பக்கம் வேறு தொகை. எங்கோ தப்பு இருக்கிறது என்பது நூறு சதவீதம் உறுதி. எங்கே என்பதுதான் தெரியாது. பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும், இல்லையென்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும். (இப்போது கணக்கு சாஃப்ட்வேர்கள் ஒற்றைக் கால் பதிவை ஏற்பதே இல்லை என்பதால் நிஜத்தில் இந்தக் கனவு குறைந்துவிட்டது. தேர்வில் மட்டும் விடாமல் வருகிறது :-))

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். டாலி ஆகிவிட்டது என்பதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது. ஒரு இடத்தில் 900 ரூபாய் கூடுதலாக எழுதி, இன்னொரு இடத்தில் 900 ரூபாய் குறைவாக எழுதினால் இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். ஈடுசெய் பிழை. கூட்டுத்தொகை பல்லைக் காட்டிச் சிரிக்கும், உள்ளே கணக்கு அழுகிக் கிடக்கும்.

இந்தக் கட்டுரை கணக்குப்பதிவியல் பற்றியது அல்ல, பகா எண்களைப் பற்றியது. பயந்து ஓடிவிட வேண்டாம். ஒரு பெரிய எண் பகா எண்தானா என்று கண்டுபிடிக்க மனிதர்கள் பட்ட பாடு முழுக்க முழுக்க இந்த இருப்பாய்வுக் கதைதான். ஒப்புமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதே கூட்டுத்தொகைப் பிரச்சினை. அதை 2002-இல் தீர்த்து வைத்தவர்கள் நம் நாட்டு ஆட்கள், அதில் இரண்டு பேர் அப்போதுதான் பி.டெக் முடித்த பையன்கள்.

அடிப்படையை ஒரு வரியில் முடித்துவிடலாம். தன்னாலும் 1-ஆலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண்: 2, 3, 5, 7, 11, 13... மற்றவை பகு எண்கள். 91 பார்க்கப் பகா எண் மாதிரி இருக்கும், ஆனால் 7 × 13.

சின்ன எண் என்றால் வகுத்துப் பார்த்துவிடலாம். வங்கிகளின் பூட்டுகளில் (அதற்கு வருகிறேன்... இல்லை, கதை அங்கே வரும்) இருப்பவை 309 இலக்கம் கொண்ட எண்கள். அப்படி ஒன்றை வகுத்துச் சோதிக்க, அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 155 இலக்க எண்கள் வரை போக வேண்டும். ஒரு நொடிக்கு லட்சம் கோடி வகுத்தல் செய்யும் கம்ப்யூட்டர் ஒன்று பிரபஞ்சம் பிறந்த அன்றே, 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வேலையைத் தொடங்கியிருந்தாலும் இன்று 30 இலக்க எண்களிலேயே நின்றுகொண்டிருக்கும். மீதி 125 இலக்கம் பாக்கி.

ஆகவே வகுக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு முக்கோணம் இருக்கிறது.

பள்ளியில் பாஸ்கல் முக்கோணம் என்று படித்ததுதான். பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பத்தாம் நூற்றாண்டில், பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் இதை மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியிருக்கிறார். ஓரங்களில் 1, நடுவில் ஒவ்வொரு எண்ணும் மேலே உள்ள இரண்டின் கூட்டல். அதன் ஏழாவது வரிசை இது: 1, 7, 21, 35, 35, 21, 7, 1. ஓரத்து ஒன்றுகளை விட்டுவிட்டு நடுவில் பாருங்கள். எல்லாமே 7-ஆல் வகுபடும். ஆறாவது வரிசை: 1, 6, 15, 20, 15, 6, 1. இதில் 15-ம் 20-ம் 6-ஆல் வகுபடாது. காரணம் எளிது: 7 பகா எண், 6 பகு எண். இது எல்லா எண்ணுக்கும் பொருந்தும் விதி. நடு எண்கள் அத்தனையும் வரிசை எண்ணால் வகுபட்டால் அது பகா எண். ஒன்று தவறினாலும் பகு எண். விதிவிலக்கே கிடையாது.

ஒரே சிக்கல், 309 இலக்க எண்ணின் வரிசையில் 309 இலக்க அளவு பதிவுகள் இருக்கும். வவுச்சர் வவுச்சராகப் பார்ப்பது நடக்காத காரியம். அப்போது கணக்கர் என்ன செய்வார்? கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பார்.

வரிசையின் மொத்தக் கூட்டுத்தொகை கண்டுபிடிக்க மிகச் சுலபம். ஏழாவது வரிசையின் மொத்தம் 2-ஐ ஏழு முறை பெருக்கினால் வருவது, 128. நடு எண்கள் எல்லாம் 7-ஆல் வகுபட்டால், மொத்தத்தை 7-ஆல் வகுக்கும்போது மிஞ்ச வேண்டியது ஓரத்து இரண்டு ஒன்றுகள், அதாவது 2. சரிதான், 128-ல் 126 போக மீதி 2. ஒன்பதாவது வரிசையின் மொத்தம் 512, அதை 9-ஆல் வகுத்தால் மீதி 8. டாலி ஆகவில்லை, ஆகவே 9 பகு எண். பெர்மா 17-ஆம் நூற்றாண்டில் கண்ட விதியின் சாரம் இதுதான். 309 இலக்க எண்ணுக்கும் இதைச் செய்யலாம். அடுத்தடுத்து வர்க்கமெடுத்துக்கொண்டே போனால் ஆயிரத்துச் சொச்சம் வர்க்கங்களில் வேலை முடிந்துவிடும், நடுநடுவே வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண்ணும் பெருக்காது. கைபேசியே கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை. டாலி ஆகாவிட்டால் எண் பகு எண் என்று உறுதியாகத் தெரிகிறது, ஆனால் அதன் காரணிகள் எவை என்று ஒரு துப்பும் கிடைக்காது. கணக்கர் படும் அதே அவஸ்தை. இதற்கு மிகப் புகழ்பெற்ற உதாரணம், 2-ஐ 67 முறை பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் எண். 1876-இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் தன்னுடைய சோதனை ஒன்றின் மூலம் இது பகு எண் என்று காட்டிவிட்டார். காரணிகள் தெரியாது! 27 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் 147573952589676412927 என்று எழுதினார். மறு பக்கம் 193707721 × 761838257287 என்று எழுதிப் பெருக்கினார். இரண்டும் ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், கைதட்டல் எழுந்தது என்று சொல்வார்கள். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டபோது மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்ப்பவர்களுக்கு இந்த வலி புரியும்.

பகு எண் என்று அறிவது சுலபம், காரணிகளைக் கண்டுபிடிப்பது கடினம். இந்த இடைவெளியில்தான் இன்று பணம் நடமாடுகிறது. மண்ணூர் டீக்கடையில் ஒருவர் கைபேசியை நீட்டி ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறார், ஒரு வேனில் ஏறப்போகும் தொழிலாளி சம்பளம் ஏறிவிட்டதா என்று வங்கி ஆப்பைத் திறந்து பார்க்கிறார். எதிர்முனையில் இருக்கும் சர்வர் உண்மையிலேயே வங்கியினுடையதுதானா, நடுவில் வேறு யாராவது உட்கார்ந்து வங்கி வேஷம் போடுகிறார்களா என்று கைபேசி சரிபார்க்க வேண்டும். அதற்குப் பல இடங்களில் பயன்படுவது ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் 1977-இல் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறை. இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்க வேண்டும். பெருக்கிய விடை ஊருக்கே தெரியலாம். அந்த இரண்டு எண்கள் மட்டும் ரகசியம். பரவலாகப் பயன்படும் அளவில் அந்த விடை 617 இலக்கம், ஒவ்வொரு பகா எண்ணும் சுமார் 309 இலக்கம். இதுவரை பகிரங்கமாக உடைக்கப்பட்ட ஆர்.எஸ்.ஏ. போட்டி எண்களில் பெரியது 250 இலக்கம் கொண்டது, அது நடந்தது 2020-இல். (இன்று நிறைய இடங்களில் வேறு முறைகளும் வந்துவிட்டன. அவற்றில் பரவலான ஒன்றின் அடியில் கிடப்பதும் ஒரு பகா எண்தான்: 2-ஐ 255 முறை பெருக்கி 19-ஐக் கழித்தால் வருவது.)

309 இலக்கப் பகா எண் எங்கே கிடைக்கும்? கடையில் விற்பதில்லை. குருட்டாம்போக்கில் ஒரு ஒற்றை எண்ணை எடுத்துச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் அடுத்தது. அந்த அளவில் ஏறக்குறைய 355 ஒற்றை எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும், ஆகவே தேடல் நீளாது. எல்லாம் சோதனையைத்தான் நம்பியிருக்கிறது. கூட்டுத்தொகை பொருந்தினால் பகா எண் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இங்கேதான் ஈடுசெய் பிழை வந்து நிற்கிறது. 341-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 11 × 31, சந்தேகமில்லாத பகு எண். ஆனால் 2-ஐப் பத்து முறை பெருக்கினால் 1024, அது 341-ஐப் போல மூன்று மடங்கும் ஒன்றும். ஆகவே 2-ஐ 340 முறை பெருக்கினாலும் மீதி 1, 341 முறை பெருக்கினால் மீதி 2. கச்சிதமாக டாலி! முக்கோணத்தின் 341-ஆவது வரிசைக்குள் வகுபடாத பதிவுகள் இருக்கின்றன, ஆனால் கூட்டும்போது ஒன்றின் குறையை இன்னொன்று அடைத்துவிடுகிறது.

சரி, 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் சோதித்தால் 341 மாட்டிக்கொள்ளும். அப்படியானால் இரண்டு மூன்று எண்களை வைத்துச் சோதித்தால் போதாதா? போதாது. ஏனென்றால் எதை வைத்துச் சோதித்தாலும் டாலி ஆகிற போலிகள் இருக்கின்றன. அவற்றுக்கு கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். முதலாவது 561. மூன்றாவது எது தெரியுமா?

1729.

ஆம், ராமானுஜனின் 1729. லண்டன் மருத்துவமனையில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729, சுவாரஸ்யமில்லாத எண் என்று சொல்ல, இரண்டு விதமாக இரண்டு கனங்களின் கூட்டலாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்று ராமானுஜன் பதில் சொன்ன கதையைத் தமிழ்நாட்டில் கேட்காதவர்கள் இல்லை (12-இன் கனமும் 1-இன் கனமும், 10-இன் கனமும் 9-இன் கனமும்). அதே எண்ணுக்கு இப்படி ஒரு இரட்டை வேடம் இருப்பது அந்தக் கதையில் வராது. 1729 என்பது 7 × 13 × 19. ஆனால் எந்த எண்ணையும் 1729 முறை பெருக்கி 1729-ஆல் வகுத்துப் பாருங்கள், நீங்கள் எடுத்த எண்ணுக்கு உரிய மீதியே திரும்பி வரும், ஒரு பகா எண் நடந்துகொள்வது போலவே. காரணம் இது: 1729-இல் 1-ஐக் கழித்தால் 1728. அது 6-ஆலும் 12-ஆலும் 18-ஆலும் வகுபடும். இவை மூன்றும் 7, 13, 19 ஆகியவற்றில் ஒன்று குறைவு. மூன்று காரணிகளும் கூட்டு சேர்ந்து கணக்கைச் சரிக்கட்டிவிடுகின்றன. இப்படிப்பட்ட போலிகள் ஏதோ பத்து இருபது அல்ல, முடிவே இல்லாமல் இருக்கின்றன என்று 1994-இல் வெளியான கட்டுரையில் ஆல்போர்டு, கிரான்வில், பாமரன்ஸ் மூவரும் நிரூபித்தார்கள்.

ராமானுஜனே இந்த டாலி விஷயத்தில் ஒருமுறை சறுக்கியவர்தான். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார் (நம்ம டிபார்ட்மெண்ட்!). அங்கே அவருடைய மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். 1913 ஜனவரி 16 அன்று அங்கிருந்து ஹார்டிக்கு எழுதினார். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்று ஏறக்குறையத் துல்லியமாகவே சொல்லிவிடும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாக நம்பினார். சோதித்துப் பார்த்த சின்ன எண்களுக்கு விடை மிக அழகாகப் பொருந்தியது. ஆனால் அவர் நினைத்த அளவு துல்லியம் எப்போதும் கிடைக்காது என்று ஹார்டியும் லிட்டில்வுட்டும் கண்டார்கள். பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு. அதே ராமானுஜன் 1919-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில், எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவில் பகா எண் உண்டு என்ற பழைய தேற்றத்துக்கு இரண்டே பக்கத்தில் ஒரு நிரூபணம் கொடுத்தார். அதில் ஒரு ஓட்டையும் இல்லை.

பூட்டுக்குத் திரும்புவோம். 1729 ரகப் போலி ஒன்று பகா எண் என்ற பெயரில் ஆர்.எஸ்.ஏ. பூட்டுக்குள் நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? பூட்டு உடனே பழுதாகிவிடும், யாராவது கவனித்துவிடுவார்கள் என்றுதான் தோன்றும். இல்லை. கார்மைக்கேல் எண்ணை வைத்தாலும் பூட்டு ஒழுங்காகப் பூட்டும், ஒழுங்காகத் திறக்கும். உள்ளே காரணிகள் சிறியவை என்பதால் உடைப்பது மட்டும் சுலபமாகியிருக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஈடுசெய் பிழையின் குணமே அதுதானே?

இந்தப் போலிகளைப் பிடிக்க கேரி மில்லர் 1976-இலும் மைக்கேல் ராபின் 1980-இலும் செய்த வேலைகளிலிருந்து ஒரு சோதனை பிறந்தது. 1729-ஐ அது எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். 2-ஐ 54 முறை பெருக்கி 1729-ஆல் வகுத்தால் மீதி 1065. அந்த 1065-ஐ வர்க்கப்படுத்துங்கள்: 11,34,225. இது 1729-இன் 656 மடங்கும் ஒன்றும், அதாவது மீதி 1. பகா எண்களின் உலகத்தில் வர்க்கத்துக்கு மீதி 1 வர வேண்டுமென்றால் எண்ணின் மீதி 1 ஆக இருக்க வேண்டும், அல்லது கடைசி எண்ணாக (இங்கே 1728) இருக்க வேண்டும். வேறு வழியில்லை. 1065 இரண்டுமில்லை. மாட்டிக்கொண்டது! கடைசித் தொகையை மட்டும் பார்க்காமல், அந்தத் தொகை எந்த வழியாக வந்தது என்று ஒரு பக்கம் முன்னால் புரட்டிப் பார்ப்பதுதான் தந்திரம்.

இந்தச் சோதனையிலும் ஒரு முறையில் பகு எண் தப்பிக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதிகபட்சம் நான்கில் ஒன்று. குருட்டாம்போக்கில் எண்களைத் தேர்ந்தெடுத்து 40 முறை சோதித்தால் தப்பிக்கும் வாய்ப்பு, 1-க்குப் பின்னால் 24 சைபர் போட்ட எண்ணில் ஒன்றுக்கும் குறைவு. தணிக்கையில் சாம்பிள் எடுப்பது போலத்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அதே பத்து வவுச்சர்களையே பார்க்கும் ஆடிட்டரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம்! பிரான்சுவா அர்னோ என்பவர் 1995-இல் 397 இலக்கம் கொண்ட ஒரு பகு எண்ணைச் செய்து காட்டினார். 307-க்குக் குறைந்த எந்தப் பகா எண்ணை வைத்துச் சோதித்தாலும் அது தேறிவிடும். 2018-இல் ஆல்பிரெக்ட், மாசிமோ, பேட்டர்சன், சோமோரோவ்ஸ்கி நால்வரும், பரவலாகப் பயன்பட்டு வந்த பல மென்பொருள் நூலகங்களை வேண்டுமென்றே தயாரித்த பகு எண்களைக் கொண்டு ஏமாற்ற முடியும் என்று காட்டினார்கள். சில நூலகங்கள் நிலையான எண்களை வைத்தே சோதித்துக்கொண்டிருந்தன, சில போதிய முறை சோதிக்கவில்லை. தற்செயலாக வரும் போலியைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு, திட்டமிட்டு வரும் போலியிடம் தோற்றது.

அப்படியானால் அதிர்ஷ்டத்தை நம்பாமல், ஒரு முறை சொன்னால் அதுவே இறுதி என்கிற மாதிரி, அதே சமயம் வேகமாகவும் ஒரு சோதனை உண்டா? கணித உலகம் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. கிட்டத்தட்ட அப்படிப்பட்ட சோதனைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு "ஆனால்" ஒட்டிக்கொண்டிருந்தது.

ஐ.ஐ.டி. கான்பூரில் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும் சோமநாத் பிஸ்வாஸும் 1999-இல் மேருவுக்கே திரும்பிப் போனார்கள். கூட்டுத்தொகையை விட்டுவிட்டு வரிசை முழுவதையும் வேறு விதமாகச் சுருக்கிச் சோதிக்கும் வழி ஒன்றைச் சொன்னார்கள். அதிலும் குருட்டாம்போக்கு இருந்தது. அதை எடுத்துவிட முடியுமா என்று 2001-இல் ரஜத் பட்டாச்சார்ஜி, பிரசாந்த் பாண்டே என்ற இரண்டு பி.டெக் மாணவர்கள் தங்கள் புராஜெக்ட்டில் முயன்றார்கள். அடுத்த ஆண்டு நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அந்த இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சீனியர் விட்டுப்போன புராஜெக்ட்டை ஜூனியர் எடுத்துச் செய்வது எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. அட்டையை மட்டும் மாற்றி பைண்டிங் போடுவதுதான் வழக்கம் :-) இவர்கள் உள்ளேயும் எழுதினார்கள்.

அவர்களுடைய கருத்தைக் கணக்கர் மொழியில் சொல்லிவிடலாம். ஒரே மொத்தத் தொகைக்குப் பதிலாகப் பத்திவாரியாகக் கூட்டு. வரிசையின் முதல் பதிவு முதல் பத்திக்கு, இரண்டாவது இரண்டாவது பத்திக்கு, பத்திகள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. பகா எண் என்றால் ஓரத்து ஒன்றுகள் விழும் பத்திகளைத் தவிர மற்ற எல்லாப் பத்தித் தொகையும் வகுபட வேண்டும், அந்தப் பத்திகளில் அந்த ஒன்றுகள் மட்டுமே மிஞ்ச வேண்டும். நம்முடைய 341-ஐ இப்படிச் சோதிக்கலாம். இரண்டு பத்தியாகப் பிரித்தால் தப்பித்துவிடுகிறது. மூன்று பத்தியிலும் தப்பித்துவிடுகிறது. நான்கு பத்தியாகப் பிரித்தால் முதல் பத்தியில் மீதி 1 வர வேண்டும், வருவது 0. முடிந்தது கதை. மொத்தத்தில் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்த பிழைகள், தனித்தனிப் பத்திக்குப் போனதும் மறைய இடமில்லாமல் போயின.

எத்தனை பத்தி இருந்தால் எந்தப் போலியும் தப்ப முடியாது? அகர்வால், கயால், சக்சேனா நிரூபித்தது இதைத்தான். எண்ணில் எத்தனை இலக்கங்களோ அதைப் பொறுத்து மிதமாக வளரும் அளவு பத்திகள் போதும், அதே சோதனையைக் கொஞ்சம் மாற்றி மாற்றி மிதமான அளவு முறை செய்தால் போதும். அதில் தேறினால் (பகா எண்ணின் அடுக்குகள் போன்ற சில வெளிப்படையான விஷயங்களைத் தனியே பார்த்துவிட்டால்) அது பகா எண். வாய்ப்பு, அதிர்ஷ்டம், நிரூபிக்கப்படாத ஊகம், எதுவும் இல்லை. 2002 ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒன்பது பக்க வரைவை அனுப்பினார்கள். ஆகஸ்டு 8 அன்று நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்துவிட்டது. உலகமெங்கும் நிபுணர்கள் ஓட்டை தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆதாரமாகப் பயன்பட்ட கணிதமும் பெரும்பாலும் இளங்கலை அளவுதான் என்பதுதான் பலருக்கு வயிற்றெரிச்சல். பின்னர் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா போன்றவர்கள் அதை இன்னும் எளிமையாக்கினார்கள். 2004-இல் ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸில் வெளியானது. 2006-இல் மூவருக்கும் கோடல் பரிசும் புல்கர்சன் பரிசும் கிடைத்தன.

இதைப் படித்துவிட்டு, இப்போது எல்லா வங்கியும் கான்பூர் சோதனையைத்தான் பயன்படுத்துகிறது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். யாரும் பயன்படுத்துவதில்லை. மில்லர்-ராபினோடு ஒப்பிட்டால் அது ரொம்ப மெதுவாகத்தான் ஓடும். மண்ணூர் டீக்கடைக்காரருக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. அதனால் அந்தக் கண்டுபிடிப்பு சின்னது என்று சொல்பவர்கள் கேள்வியையே மாற்றிக்கொண்டு பதில் சொல்கிறார்கள். கேட்கப்பட்டது, அதிர்ஷ்டம் இல்லாமல் முடியுமா என்பது. முடியும் என்று பதில் கிடைத்தது.

போலியே இல்லாத, நூற்றுக்கு நூறு பகா எண்களை வைத்தும் ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. இன்ஃபினியான் என்ற ஜெர்மன் சிப் நிறுவனத்தின் மென்பொருள், பகா எண்களைச் சீக்கிரம் தேடுவதற்காக ஒரு குறுக்குவழி வைத்திருந்தது. எல்லா எண்களிலும் தேடாமல், ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் அமைந்த எண்களுக்குள் மட்டும் தேடியது. கிடைத்தவை அசல் பகா எண்கள்தான். எந்தச் சோதனையிலும் தேறும், கான்பூர் சோதனை உட்பட. ஒவ்வொரு பில்லும் அசல், ஆனால் எல்லா பில்லும் ஒரே பேனாவில் எழுதப்பட்டது போல. 2017-இல் செக் நாட்டின் பிர்னோ நகரில் உள்ள மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கவனித்தார்கள். ஊருக்கே தெரிந்த அந்தப் பெருக்கல் விடையைச் சில சின்னப் பகா எண்களால் வகுத்து மீதிகளைப் பார்த்தாலே, பூட்டு அந்த மென்பொருளில் செய்ததா என்று தெரிந்துவிட்டது. வடிவம் தெரிந்ததும் காரணிகளைத் தேட வேண்டிய இடமும் சுருங்கிவிட்டது.

அந்தச் சிப் எஸ்டோனியா நாட்டின் அடையாள அட்டைகளில் இருந்தது. அங்கே அந்த அட்டையை வைத்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள், வங்கிக் கணக்கைத் திறப்பார்கள், ஓட்டுகூடப் போடுவார்கள். 2017 நவம்பர் 3 அன்று சுமார் 7,60,000 அட்டைகளின் சான்றிதழ்களை அரசு நிறுத்திவைத்தது. மக்கள் கம்ப்யூட்டர் வழியாகவும் காவல்துறை அலுவலகங்களில் வரிசையில் நின்றும் அட்டைகளைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.